கைத்தொலைபேசிக் கணக்கை நிரந்தரமாக அழித்தல்

குடும்பங்களுக்கும் கிராமக் குழுக்களுக்குமான பாடம்

வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலும், நெல் விலையும், உரம் வந்த செய்தியும், கிராம சேவையாளரின் அறிவித்தலும் இன்று கைத்தொலைபேசி வழியாகவே எமக்கு வந்து சேருகின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அதில் இன்னொரு பெறுமதியும் உண்டு. காணி உறுதியின் படம், பிறப்புச் சான்றிதழின் படம், விட்டுவந்த வீட்டின் படம், இனிக் காணக் கிடைக்காத ஒருவரின் முகம் ஆகியன அதற்குள்ளேதான் இருக்கின்றன. மூலப் பத்திரம் தொலைந்துபோன வீட்டில் அந்தப் படம் ஒன்றே எஞ்சியிருக்கக் கூடும்.

ஆகவே, “இந்தக் கணக்கு எமக்கு வேண்டாம், அழித்து விடுவோம்” என்று தீர்மானிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். அழிக்க வேண்டிய கணக்கை அழிக்காமல் விடுவதாலும் தீமை உண்டு. அழிக்கத் தேவையில்லாததை அவசரப்பட்டு அழிப்பதாலும் தீமை உண்டு. இவ்விரண்டையும் எவ்வாறு தவிர்ப்பது என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கணக்கு என்றால் என்ன?

சங்கக் கடையில் எமது பெயருக்கு ஒரு கொப்பி இருப்பதை அறிவோம். நாம் வாங்கியது, கொடுத்தது எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். இணைய நிறுவனங்களும் எமது பெயரில் அவ்வாறான கொப்பி ஒன்றை வைத்திருக்கின்றன. அதுவே கணக்கு. எமது பெயர், தொலைபேசி இலக்கம், படங்கள், நாம் தேடிய விடயங்கள், பல வேளைகளில் நாம் போய்வந்த இடங்கள்கூட அதில் பதிவாகின்றன. அந்தக் கொப்பி எமது தொலைபேசிக்குள் இருப்பதன்று. தூர தேசங்களில் உள்ள நிறுவனத்தின் கணனிகளில் இருப்பது.

எமது மக்கள் அதிகம் பயன்படுத்துவன மூன்று. ஒன்று கூகிள் கணக்கு. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் ஜீமெயில் முகவரியோடு திறக்கப்படுவது இதுவே. மற்றைய இரண்டும் முகநூலும் வட்ஸ்அப்பும் ஆகும். முகநூல் 2004இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்டது. 2014இல் அது வட்ஸ்அப்பை விலைக்கு வாங்கியது. 2021இல் அந்த நிறுவனம் மெற்றா என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே இவ்விரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே.

கூகிளும் மெற்றாவும் எம்மிடம் பணம் கேட்பதில்லை. அவற்றின் வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரங்களிலிருந்தே வருகின்றது. யாருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்க எமது கொப்பி உதவுகின்றது. அதனால் கொப்பியைத் திறப்பது இலகுவாகவும், மூடும் வழி பல கதவுகளுக்கு உள்ளேயும் இருப்பதில் வியப்பில்லை.

2. எப்போது அழிக்க வேண்டும்? எப்போது வேண்டியதில்லை?

தொலைபேசியை விற்பதற்காகக் கணக்கை அழிக்க வேண்டியதில்லை. வேண்டியவற்றைப் பிரதி எடுத்த பின், தொலைபேசியின் அமைப்புகளில் உள்ள “கணக்குகள்” பகுதிக்குச் சென்று அந்தத் தொலைபேசியிலிருந்து மட்டும் கணக்கை அகற்றுங்கள். அதன்பின் தொலைபேசியைப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். கணக்கை அகற்றாமல் கொடுத்தால் பழைய கடவுச்சொல் இல்லாமல் வாங்கியவரால் அதைப் பாவிக்க முடியாது போகலாம்.

தொலைபேசி களவு போனாலும் அழிக்க அவசரப்பட வேண்டாம். வேறொரு தொலைபேசியில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றி, தொலைந்த தொலைபேசியிலிருந்து கணக்கை வெளியேற்ற வேண்டும். சிம் அட்டையை நிறுத்திப் புதியதைப் பெற வேண்டும்.

அழிப்பது நல்லது என்று சொல்லத்தக்க சந்தர்ப்பங்களும் உண்டு. தொலைபேசி வாங்கிய கடையில் ஒருவர் தாமே பெயரும் கடவுச்சொல்லும் இட்டுக் கணக்கைத் திறந்து தந்திருந்தால், அதன் திறப்பு இன்னொருவர் கையிலும் இருக்கின்றது. முதலில் கடவுச்சொல்லை மாற்றலாம். மாற்றியும் நம்பிக்கை இல்லையெனில் புதியதைத் திறந்து, பழையதை அழிக்கலாம். பல வருடங்களாகப் பாவிக்காத முகநூல் கணக்கில் வீட்டுப் பெண் பிள்ளைகளின் படங்கள் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தால் அதையும் அழிப்பது நல்லது.

3. மூன்று வேறு காரியங்கள்

பலர் ஒன்றென எண்ணிக் குழம்பும் மூன்று காரியங்கள் உள்ளன.

அ) செயலியை, அதாவது “அப்” என்று நாம் சொல்வதை, தொலைபேசியிலிருந்து நீக்குதல். இது வயலுக்குப் போகும் படலையைச் சாத்துவது போன்றது. வயல் அப்படியே இருக்கும். நிறுவனத்திடம் உள்ள கொப்பியில் ஒரு எழுத்தும் அழிவதில்லை.

ஆ) கணக்கைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தல். இது வயலைத் தரிசாக விடுவது போன்றது. முகநூலில் இவ்வாறு செய்தால் உங்கள் பக்கம் பிறர் கண்ணுக்குத் தெரியாது. மெசெஞ்சரை மட்டும் தொடர்ந்து பாவிக்கலாம். விரும்பிய நாளில் திரும்பவும் நுழையலாம். ஆனால் எல்லா விபரங்களும் நிறுவனத்திடம் இருக்கும்.

இ) நிரந்தரமாக அழித்தல். இது காணியை எழுதிக் கொடுத்து விடுவது போன்றது. தவணை கடந்தால் திரும்பப் பெற வழியில்லை.

மனம் முழுமையாகத் தீர்மானிக்கவில்லை என்றால் இரண்டாவதோடு நிற்பதே புத்தி.

4. அழிக்கும் முன் செய்ய வேண்டியவை

அறுவடையை வீட்டுக்குக் கொண்டு வராமல் யாரும் வயலை உழுவதில்லை. இங்கும் அவ்வாறே.

முதலாவது, படங்களையும் பத்திரங்களையும் வெளியே எடுங்கள். கூகிள் 2011 முதல் “ரேக்அவுட்” என்ற வசதியைத் தருகின்றது. அதில் கேட்டால் படங்கள், கடிதங்கள், தொடர்பு இலக்கங்கள் யாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டித் தருவார்கள். அதைத் தரவிறக்க ஏறத்தாழ ஒரு வாரமே அவகாசம் உண்டு. முகநூலிலும் “உங்கள் தகவல்களைத் தரவிறக்குதல்” என்ற பகுதி உண்டு. பொதி பெரிதாக இருக்கும் என்பதால் கணனியும் நல்ல இணைப்பும் உள்ள இடத்தில் இதைச் செய்யுங்கள். பென் டிரைவ் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரு வீடு வெள்ளத்திலோ தீயிலோ அகப்பட்டாலும் மற்றையது தப்பும். பொதியைத் திறந்து, படங்கள் உண்மையில் தெரிகின்றனவா என்று பார்த்த பின்பே அடுத்த வேலைக்குப் போங்கள்.

இரண்டாவது, காணிப் பத்திரங்களின் படங்களைக் கடதாசியில் அச்சிட்டு வையுங்கள். படம் மூல உறுதிக்குச் சமமாகாது. ஆயினும் அதில் தெரியும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றைக் கொண்டே காணிப் பதிவகத்தில் பிரதியைத் தேட முடியும். அரச காணி அனுமதிப்பத்திரமானால் அதன் இலக்கத்தோடு பிரதேச செயலகத்தை நாடலாம். அந்த இலக்கம் தெரியாமற் போனால் தேடுதல் எவ்வளவு கடினம் என்பதை உங்களில் பலர் அனுபவத்தில் அறிவீர்கள்.

மூன்றாவது, தொடர்பு இலக்கங்களைப் பாருங்கள். அன்ட்ரொயிட் தொலைபேசியில் அவை பெரும்பாலும் கூகிள் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கோடு அவையும் போய்விடும். முக்கியமான இலக்கங்களை ஒரு கொப்பியில் கையால் எழுதி வையுங்கள்.

நான்காவது, இந்தக் கணக்கைப் பற்றிக்கொண்டு நிற்கும் வேறு கணக்குகளைக் கண்டுபிடியுங்கள். வங்கிக்குக் கொடுத்த மின்னஞ்சல் எது? முகநூலின் கடவுச்சொல் மறந்தால் எந்த மின்னஞ்சலுக்கு மீட்புக் கடிதம் வரும்? வட்ஸ்அப்பின் சேமிப்புப் பிரதி எந்தக் கூகிள் கணக்கில் இருக்கின்றது? இவற்றையெல்லாம் புதிய முகவரிக்கு மாற்றிய பின்பே பழைய மின்னஞ்சலை அழிக்க வேண்டும். கிணற்றுக்குள் இறங்கியவன் மேலே ஏறிய பின்பே கயிற்றை எடுப்பான். மின்னஞ்சலே அந்தக் கயிறு. அதை எல்லாவற்றிற்கும் கடைசியில் அழியுங்கள்.

ஐந்தாவது, வீட்டாரோடு பேசுங்கள். ஒரே தொலைபேசியைத் தாயும் மகனும் மருமகளும் பாவிக்கும் வீட்டில், ஒருவர் அழிப்பது மூவருடைய நினைவுகளாகவும் இருக்கலாம்.

5. அழிக்கும் முறை

பொத்தான்களின் பெயர்களும் இடங்களும் காலத்துக்குக் காலம் மாறுவதுண்டு. எனினும் வழி ஏறத்தாழ இதுவே.

முகநூல்: “அமைப்புகள்” பகுதியில் கணக்கு மையத்துக்குச் செல்லுங்கள். அங்கே தனிப்பட்ட விபரங்கள், அதன்கீழ் கணக்கின் உரிமையும் கட்டுப்பாடும், அதன்கீழ் செயலிழக்கச் செய்தல் அல்லது அழித்தல் என்பன வரும். அழித்தல் என்பதைத் தெரிந்து கடவுச்சொல்லை இடுங்கள். அன்றிலிருந்து 30 நாட்கள் தவணை உண்டு. அந்நாட்களுக்குள் உள்ளே நுழைந்து அழிப்பை ரத்துச் செய்யலாம். மனம் மாறாவிட்டால் அந்த 30 நாட்களும் உள்ளே நுழையாமல் இருப்பதே நல்லது. முழு விபரங்களும் அழிய 90 நாட்கள் வரை செல்லலாம் என்று நிறுவனம் கூறுகின்றது. மெசெஞ்சரும் இதனோடு போய்விடும்.

வட்ஸ்அப்: “அமைப்புகள்”, பின் “கணக்கு”, பின் “கணக்கை அழித்தல்” என்று சென்று உங்கள் இலக்கத்தை இடுங்கள். இங்கே மனம் மாறுவதற்குத் தவணை இல்லை. குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீங்கள் அகற்றப்படுவீர்கள். செய்திகளும் சேமிப்புப் பிரதியும் அழியும். இலக்கம் மாறியது மட்டுமே காரணமென்றால் அழிக்க வேண்டாம். அங்கேயே “இலக்கத்தை மாற்றுதல்” என்ற வழி இருக்கின்றது. பழைய சிம் கையில் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள். நீண்ட காலம் பாவிக்காத இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடக் கூடும் என்பதை மறந்துவிடலாகாது.

கூகிள்: கணக்கின் பக்கத்தில் “தரவும் தனியுரிமையும்” என்ற பகுதியின் அடியில் கணக்கை அழிக்கும் வழி உண்டு. ஜீமெயிலை மட்டும் தனியாக அழிக்கவும் முடியும். முழுக் கணக்கையும் அழித்தால் கடிதங்கள், படங்கள், யூரியூப் பதிவுகள் யாவும் போகும். அந்த மின்னஞ்சல் முகவரியை மீண்டும் நீங்களும் பெற முடியாது, வேறெவரும் பெற முடியாது. தவறுதலாக அழித்திருந்தால் உடனடியாக மீட்க முயலுங்கள். நாட்கள் கடந்தால் மீட்பது உறுதியில்லை. விபரங்கள் முழுமையாக நீங்க ஏறத்தாழ 2 மாதங்களும், சேமிப்புப் பிரதிகளிலிருந்து நீங்க 6 மாதங்கள் வரையும் செல்லும் என்பது கூகிளின் கூற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2 வருடங்கள் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆகவே படங்கள் உள்ள கணக்கை மறந்து விட்டுவிடுவதும் அழிப்பதற்குச் சமமாகலாம். இடையிடையே அதற்குள் நுழைந்து பாருங்கள்.

இறந்துபோன ஒருவரின் முகநூல் கணக்கை நீக்கும்படியோ, நினைவுப் பக்கமாக மாற்றும்படியோ குடும்பத்தினர் கேட்கலாம். மரணச் சான்றிதழ் போன்ற அத்தாட்சி வேண்டும். துயரத்தின் முதல் நாட்களில் இத்தகைய தீர்மானம் எடுக்க வேண்டாம். படங்களைப் பிரதி எடுத்து வைத்து, ஆறுதலாக எல்லோரும் கூடித் தீர்மானியுங்கள்.

6. அழித்த பின்னும் எஞ்சுவது

நாம் அனுப்பிய கடிதங்களும் படங்களும் பெற்றவர்களின் தொலைபேசியில் இருக்கும். பிறர் எடுத்து வைத்த பிரதியை எமது பொத்தானால் அழிக்க முடியாது. காற்றில் தூற்றிய விதையை மீண்டும் பெட்டிக்குள் சேர்க்க முடியாது அல்லவா? எனவே அனுப்பும் முன் யோசிப்பதே முதற் பாதுகாப்பு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கணக்கை அழிப்பதற்கு இந்நிறுவனங்கள் பணம் அறவிடுவதில்லை. “அழித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்பவரையும், உங்கள் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவரையும் நம்ப வேண்டாம்.

7. இது சலுகை அல்ல, உரிமை

ஆரம்ப காலத்தில் முகநூலில் கணக்கைச் செயலிழக்கச் செய்வது இலகுவாகவும், முற்றாக அழிப்பது மிகக் கடினமாகவும் இருந்தது. 2008இல் பாவனையாளர்களின் முறைப்பாடுகள் பத்திரிகைகளில் வெளிவந்த பின்னரே வழி சற்று இலகுவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்தன. தம்மைப் பற்றிய விபரங்களை அழிக்கும்படி கேட்கும் உரிமையை அவற்றின் 17ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. அதன் பகுதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் ஆக்கப்பட்டன. சாதாரண மக்கள் கேட்டதனாலேயே இக்கதவுகள் திறந்தன என்பதை நினைவிற் கொள்வோம்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. எமது வீட்டுத் தொலைபேசியில் எத்தனை கணக்குகள் உள்ளன? அவற்றின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?
2. எந்தப் பத்திரத்தின் படம் தொலைபேசியில் மட்டும் இருக்கின்றது?
3. எமது குழுவில் கணனி தெரிந்த பிள்ளைகள் யார்? முதியோரின் படங்களைப் பிரதி எடுக்க அவர்கள் எந்த நாளில் உதவலாம்?

செய்ய வேண்டியது: அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு குடும்பமும் தனது காணிப் பத்திரத்தின் இலக்கத்தையும், முக்கியமான பத்துத் தொலைபேசி இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு வரட்டும். அந்தக் கொப்பி கையில் இருக்கும்போது, எந்தக் கணக்கையும் அமைதியான மனத்தோடு மூடலாம்.