முழங்கால் வலி கூடும்போது: மாத்திரையின் பவரைக் கூட்டும் முன்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு வலி கூடிவிட்டால், வீட்டில் எடுக்கப்படும் முதல் முடிவு இப்போது போடுவதைவிடப் பவர் கூடிய மாத்திரை வாங்குவதுதான். வலி மருந்துகளை ஓர் ஏணியாக நினைப்பதால் வரும் முடிவு இது. கீழ்ப்படியில் பாராசிட்டமால், அதற்கு மேல் டைக்ளோஃபெனாக், உச்சியில் அபின் வகையைச் சேர்ந்த டிரமடால். புற்றுநோய் வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 1986-இல் இப்படியொரு படிமுறையைத்தான் வகுத்தது. ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு அந்த ஏணி பொருந்தவில்லை. தீராத முதுகு வலியாலும் இடுப்பு, முழங்கால் தேய்மானத்தாலும் அவதிப்பட்ட 240 பேரை அமெரிக்காவில் ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அபின் வகை மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களின் நடமாட்டம் மற்ற மருந்துகள் எடுத்தவர்களைவிட எந்த வகையிலும் மேம்படவில்லை. வலியில்கூட அவர்களே சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பக்கவிளைவுகளோ அவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே, எந்த மாத்திரை பலமானது என்ற கேள்வியே இங்கே பயன்படாது. இந்த உடம்புக்கு ஆபத்துக் குறைவாக இருந்து, இவரை நடக்க வைப்பது எது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியவை தாமாகவே ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

முதலில், கூடிய வலி தேய்மானத்தின் வலிதானா என்று உறுதிசெய்ய வேண்டும். மூட்டு திடீரெனச் சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். அதற்கான சிகிச்சையே வேறு. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக் குழாயில் உறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது, படுத்திருக்கும்போதும் விடாத வலியோடு எடை குறைவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. இடுப்பு மூட்டின் கோளாறு முழங்கால் வலியாகத் தெரிவதும் உண்டு. எனவே பரிசோதிப்பவரிடம் இடுப்பையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் எதுவும் இல்லை என்றால், வலி கூடிய ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுக்கத் தேவையில்லை. படத்தில் தெரியும் தேய்மானமும் உணரும் வலியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் காலோடு நன்றாக நடப்பவர்கள் உண்டு. இந்த நோயின் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. ஒரு வாரம் கூடியது என்பதற்காக மூட்டு அந்த வாரத்தில் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

அடுத்து, வலி எதைத் தடுக்கிறது என்று எழுதி வையுங்கள். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைவிட, "மாடிப்படி இறங்க முடியவில்லை, தெருமுனைக் கடைக்குப் போனால் ஒருமுறை நின்றுதான் திரும்புகிறேன், இரவில் இருமுறை விழிக்கிறேன்" என்பது மருத்துவருக்கு அதிகம் உதவும். எந்த மருந்தையும் இந்தக் குறிப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் இதில் ஒன்றாவது மாறவில்லை என்றால் அந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யவில்லை.

மருந்துக்கு முன் சுமை. ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் விசை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு 20 கிலோ மிச்சம். நம் வீடுகளில் சுமை எடையில் மட்டும் இல்லை. குத்தவைத்து உட்கார்வதிலும் சம்மணத்திலும் இருக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி, சற்று உயரமான நாற்காலி, தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதற்குப் பதில் மேஜை ஆகிய மாற்றங்கள் எந்த மாத்திரைக்கும் சளைத்தவை அல்ல. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

இனி, பலர் ஏற்க மறுக்கும் படி: உடற்பயிற்சி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் முதல் சிகிச்சையாகத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியைத்தான் சொல்கிறது. தேய்ந்த மூட்டை அசைத்தால் மேலும் தேயுமே என்ற எதிர்க்கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அழுந்தி விரியும்போது உள்ளே போய்வரும் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அசையாத காலில் தொடைத் தசை மெலிகிறது. தசை தாங்க வேண்டிய அதிர்ச்சியையும் மூட்டே வாங்குகிறது. வலிக்கும்போது எப்படிச் செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. பயிற்சியின்போது வலி சற்றுக் கூடலாம்; 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி, வராவிட்டால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்துவது, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சமதளத்தில் நடப்பது என்று தொடங்கலாம். கிடைக்கும் நிவாரணம் பிரமாதமானது அல்ல, மிதமானதுதான். தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதனால்தான் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அதைக் கேட்டுப் பெறலாம்.

வலி மருந்தின் வேலை இந்தப் பயிற்சிக்கு வழிவிடுவது. அதற்கு முதலில் எடுக்க வேண்டியது மாத்திரையல்ல, டைக்ளோஃபெனாக் ஜெல். மேலே தடவுவது உள்ளே எப்படிப் போகும் என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருக்கும் மூட்டு. மருந்து அங்கே சேர்கிறது. இரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் ஏறத்தாழ ஆறு சதவீதம்தான். நாட்பட்ட மூட்டு வலிக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கும், மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 50 பேருக்கும் நல்ல நிவாரணம் கிடைத்திருந்தது. பத்துப் பேர் வித்தியாசம்தானா என்று கேட்கலாம். ஆபத்து மிகக் குறைவான மருந்துக்கு இது நல்ல கணக்கு. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரு முழங்காலுக்கு ஒருமுறைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு மூன்று நான்கு முறை என்பது வழக்கமான அளவு. 30 கிராம் டியூபை ஒரு மாதம் வைத்துத் தடவுகிறவர் அந்த மருந்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. மெல்லத் தேய்த்து, கையைக் கழுவிவிட வேண்டும். தடவிய இடத்தில் சூட்டு ஒத்தடம் வேண்டாம். ஒத்தடத்தை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜெல் போதாதபோதுதான் மாத்திரை. பாராசிட்டமால் பாதுகாப்பானது என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் போடப்படுகிறது. ஆனால் 58,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 74 ஆய்வுகளை ஒப்பிட்ட தொகுப்பாய்வு, எந்த அளவில் எடுத்தாலும் தேய்மான வலிக்கு அதனால் கிடைப்பது உணரத்தக்க பலன் இல்லை என்றது. எப்போதாவது ஒருநாள் சமாளிக்க எடுக்கலாம். தினசரி மருந்தாக நம்பி இருப்பதில் பயனில்லை. டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப், நாப்ராக்சன், அசெக்ளோஃபெனாக் ஆகிய வகை மாத்திரைகள் உண்மையிலேயே வலியைக் குறைக்கின்றன. இங்கேதான் மாத்திரையைவிட ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்துக்குள் இரத்தம் தடையின்றிப் பாய உடம்பு சுரக்கும் ஒரு பொருளையும் இவை அடக்கிவிடுகின்றன. பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில் போன்ற ஒன்றையும், அதோடு நீர் மாத்திரையையும் எடுப்பவர் இதைச் சேர்த்தால் வடிகட்டும் அழுத்தம் மூன்று பக்கமும் குறைந்து சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். வயிற்றுப்போக்கோ வெயிலில் நீரிழப்போ சேரும் நாளில் ஆபத்து இன்னும் பெரிது. வயிற்றுக்கு பான்டோபிரசோல் போடுகிறோமே என்பது சரியான சமாதானமல்ல. அது இரைப்பைப் புண்ணிலிருந்து காக்கும். சிறுநீரகத்தையோ இதயத்தையோ காக்காது.

ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் எச்சரித்தது. எட்டோரிகாக்சிப் பிரஷரை ஏற்றக்கூடியது. இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவருக்கு இந்த வகை எதுவானாலும் வயிற்றில் இரத்தக்கசிவு ஆபத்துக் கூடும். ஐபுபுரோஃபென் அந்த ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கவும் கூடும். எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாளுக்கு, வலி மிகும் நாட்களில் மட்டும் எடுங்கள். இவ்வகையில் இரண்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நம் கடைகளில் வலி மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மாத்திரைகள். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படிக்காமல் விழுங்கினால், காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமாலும் வலிக்குப் போட்ட பாராசிட்டமாலும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கிரியாட்டினின் ஏற்கெனவே கூடியவருக்கு மாத்திரைக்கு வழியில்லையே என்று கைவிட வேண்டாம். வலி பரவலாகி, தூக்கமும் மனமும் கெட்டிருந்தால் டுலாக்செட்டின் சிலருக்கு உதவுகிறது. நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதத்தை அது மாற்றுகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அதுவும் ஆகாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். டிரமடால் மயக்கம், மலச்சிக்கல், தடுமாறி விழுதல் ஆகியவற்றைத் தரும். முதியவரின் இடுப்பெலும்பை முறித்து முடியக்கூடிய நிவாரணம் அது.

ஊசிகளில் ஸ்டீராய்டு ஊசி, வீங்கித் துடிக்கும் மூட்டை இரண்டு முதல் பத்து வாரம் வரை அமைதிப்படுத்தும். அந்த இடைவெளியில் பயிற்சி தொடங்க முடிந்தால் நல்லது. வழக்கமாக்கிக்கொள்வது நல்லதல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டாண்டு போட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்பு கூடுதலாக மெலிந்திருந்தது. சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். அளந்து பார்க்க வேண்டும். வலி குறைக்க நைஸ் வழிகாட்டி வேண்டாமென்று சொல்பவற்றில் ஹயலுரானிக் ஊசியும் குளுக்கோசமினும் உண்டு. முடக்கத்தான் தோசை சாப்பிடுவதிலோ தைலம் தேய்ப்பதிலோ தீங்கில்லை, இதமாக இருந்தால் செய்யலாம். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகள் வேறு விஷயம். இரண்டே நாளில் வலி மாயமாகி, பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியோடு மருத்துவரிடம் போங்கள்.

இத்தனையையும் முறையாகச் செய்தும் தெருமுனைக் கடைக்குப் போக முடியவில்லை, இரவு தூக்கம் இல்லை என்றால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பேச வேண்டிய நேரம் அது. மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது இதற்கு மாற்றல்ல. தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையைவிட அதனால் பலனில்லை என்று 2002-லேயே 180 பேரிடம் செய்து பார்த்த ஆய்வு காட்டிவிட்டது. மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும் சரியல்ல, அவசரப்படுவதும் சரியல்ல. டென்மார்க்கில் 100 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது, கடுமையான சிக்கல்களும் அதிகம் வந்தன. பயிற்சி, உணவு, மருந்து மட்டும் பெற்றவர்களில் நான்கில் மூவருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்படவில்லை. பொருத்தப்படும் மூட்டுகளில் நூற்றுக்கு 82 வரை 25 ஆண்டு தாங்குகின்றன. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு அரசு விலை வரம்பு விதித்தது. அதிகம் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போதைய உச்சவரம்பு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். அதனால் மதிப்பீட்டுத் தாளில் மூட்டின் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தேதி குறித்த நாளிலிருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தொடைப் பயிற்சியை நிறுத்தாமல் தொடருங்கள். எடுத்துவரும் எல்லா மாத்திரைகளையும், தைலம் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள்.