கயிறு கட்டியாச்சு, அப்புறம்?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டத்தில், குடியை விடுவதாக நேர்ந்துகொண்டவர்களும் இருப்பார்கள். கையில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வதும், மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பதும் நம் பக்கத்துக்குப் பழகிய வழிகள். அவற்றைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. கட்டியவர், கட்டாதவரைவிட ஒரு படி முன்னே நிற்கிறார். ஆனால் கயிற்றை அறுத்த மறுநாள் அவர் யாரிடம் போவார்? அம்மன் முன் நிற்க அச்சம், வீட்டில் பேச முகமில்லை. நேரே கடைக்குத்தான் போகிறார். குடிநோயாளிகள் தாங்களே கூடி நடத்தும் ஏ.ஏ. கூட்டம் அந்த மறுநாளுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. அதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: சத்தியம் பண்ணினால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

வருடக்கணக்கில் தினமும் குடித்தவருக்கு இது ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும்; இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகச் சொல்வார், யாரோ கூப்பிடுவதாகக் கத்துவார். வீட்டில் உள்ளவர்கள் அம்மன் கோபம் என்றோ பேய் என்றோ நினைத்து, திருநீறு பூசி உட்காரவைத்து நேரத்தைக் கடத்திவிட்டால் உயிரே போகலாம். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். டையஸெபம் வகை மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இதைச் சமாளிக்க டாக்டர்களுக்குத் தெரியும். கூட்டத்தில் இந்த வைத்தியம் கிடையாது. பட்டாசு வேலைக்குப் போகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: நடுங்கும் கையோடு வெடிமருந்து அறைக்குள் போகக் கூடாது.

நம்பிக்கை: எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பழைய கதையைச் சொல்லச் சொல்வார்கள்.

முதல் நாள் வாயே திறக்க வேண்டாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இடையில் புகுந்து யாரும் புத்தி சொல்வதில்லை. கட்டணமோ வருகைப் பதிவேடோ இல்லை. உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றால், டாஸ்மாக் வாசலில் நிற்கும்போது தெரியாததா? அப்படியும் கூச்சமாக இருந்தால் மதுரைக்குப் பஸ் ஏறலாம், அல்லது செல்போனில் நடக்கும் கூட்டத்தில் சேரலாம். எங்கே, எப்போது என்று ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் பார்க்கலாம். மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான இலவச எண் 14446.

நம்பிக்கை: அது வேதக்காரர்கள் நடத்துவது, மதம் மாற்றிவிடுவார்கள்.

தேவாலய வளாகங்களில் கூட்டம் நடப்பதால் வந்த பேச்சு. இடம் கொடுப்பதோடு தேவாலயத்தாரின் வேலை முடிந்துவிடும். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் அழிந்துகொண்டிருந்த பங்குத்தரகர் ஒருவரும் அறுவைச் சிகிச்சை டாக்டர் ஒருவரும் தொடங்கியது இது. அன்று ஒரு கிறிஸ்தவக் குழுவின் சாயல் இருந்தது உண்மை. ஆனால் கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்ப காலத்திலேயே எழுதிவிட்டார்கள். 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. இருக்கன்குடி அம்மனை மனதில் வைத்துக்கொண்டு தாராளமாக உட்காரலாம்.

நம்பிக்கை: கூடிப் பேசினால் குடி நிற்குமா?

எல்லோருக்கும் நிற்காது. 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு சேர்த்து அலசியது. ஓராண்டு முழுக்கத் தொடாமல் இருந்தவர்கள், ஏ.ஏ. பக்கம் சேர்த்துவிடும் சிகிச்சையில் நூற்றுக்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். மந்திரம் இல்லை, ஆனால் காசு வாங்காத ஒன்றுக்கு இது பெரிய கணக்கு. இடையில் தவறிக் குடித்தவரை யாரும் விரட்டுவதில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வரலாம்.

குடிப்பவர் வரவே மாட்டேன் என்றால் வீட்டுக்காரம்மா காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் இருக்கிறது. கணவர் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி தனியாகப் போகலாம்.