கணையப் புற்றுநோய்: இடர்க் காரணிகளும் கவனிக்க வேண்டிய அறிகுறிகளும்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பிற்கு முன்பாக அமைந்துள்ள உறுப்பு கணையம். உணவைச் செரிக்கும் நீரையும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் அதுவே சுரக்கிறது. உடலின் ஆழத்தில் இருப்பதனால், அங்கு தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகிறது.

காரணம் வேறு, இடர்க் காரணி வேறு

இந்நோய் குறிப்பிட்ட ஒருவருக்கு ஏன் ஏற்பட்டது என்பதைப் பல வேளைகளில் உறுதியாகக் கூற இயலாது. நோய் ஏற்படும் வாய்ப்பை அதிகரிப்பவையே இடர்க் காரணிகள் எனப்படும். அவை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எவையும் இல்லாதவர்க்கும் வரக்கூடும். எனவே நோயுற்றவர் மீது பழி சுமத்துவது நியாயமன்று.

மாற்ற இயலாதவை

வயது முதன்மையானது, 60 வயதைக் கடந்தவர்களையே இந்நோய் பெரிதும் தாக்குகிறது. சிறு தொகையினருக்கு இது பரம்பரையோடு தொடர்புடையது. நெருங்கிய உறவினர் இருவருக்கு இந்நோய் இருந்திருப்பின், அதனைக் குடும்ப மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

குறைக்கக்கூடியவை

ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கணையப் புற்றுநோய்க்குப் புகைத்தல் காரணமாகிறது. வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையும் தீங்கானதே. மிகையான உடற்பருமனும் இடரைக் கூட்டும். நெடுங்கால மதுப் பழக்கம் நாட்பட்ட கணைய அழற்சியை உண்டாக்கி, அதன் வழியாக இடரை அதிகரிக்கும்.

நீரிழிவு: ஓர் எச்சரிக்கை

நீண்டகால நீரிழிவு ஓர் இடர்க் காரணி. ஆயினும் சிலரிடம் புதிதாகத் தோன்றும் நீரிழிவு, மறைந்திருக்கும் கணையப் புற்றுநோயின் விளைவாகவும் இருக்கலாம். தமிழர் இல்லங்களில் நீரிழிவு பழகிப்போன நோயாதலால், இவ்வேறுபாடு எளிதில் கவனத்திற்குத் தப்பிவிடும். உடல் மெலிவை 'சர்க்கரையால் வந்தது' என்று விட்டுவிடலாகாது.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

60 வயதிற்கு மேற்பட்ட ஒருவர் காரணமின்றி எடை குறைந்து, புதிய நீரிழிவு, வயிற்றுவலி, முதுகுவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், குமட்டல், வாந்தி ஆகியவற்றுள் ஒன்றேனும் கொண்டிருப்பின், தாமதியாது குடும்ப மருத்துவரை நாடவேண்டும். கண்ணும் தோலும் மஞ்சள் நிறமாகும் செங்கமாரி எவ்வயதில் தோன்றினும் உடனடி ஆலோசனை அவசியம். இவ்வறிகுறிகள் பலவும் வேறு சாதாரண நோய்களால் ஏற்படுவனவே. அதனை உறுதிசெய்வதற்கே பரிசோதனை.

மருத்துவரைச் சந்திக்க நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.