மிதிவண்டியும் தோட்டச் சாலையும்

கோலாலம்பூரில் மிதிவண்டிக்கென்று இடம் ஒதுக்கும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் தொடங்கியது. 2015ஆம் ஆண்டில் மிட்வேலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக மெர்டேக்கா சதுக்கம் வரை 5.5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு தனித்தடம் திறக்கப்பட்டது. அலுவலகத்துக்கும் கடைக்கும் செல்பவர்களுக்கு அது உதவும். இரைச்சல் இல்லாத சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்ட விரும்புபவர்களோ மேற்கே, கடலை நோக்கிச் செல்ல வேண்டும். கிள்ளானுக்குத் தெற்கே லங்காட் ஆறு கடலை நெருங்கும் தாழ்நிலத்தில் அத்தகைய சாலைகள் இன்னும் உள்ளன. அவை உல்லாசப் பயணத்திற்காகப் போடப்பட்டவை அல்ல. தோட்ட வேலைக்காகப் போடப்பட்டவை. அந்தச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமைக்காகவே ஒரு காலத்தில் நம் முன்னோர் குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

பயணத்தைக் கிள்ளான் நகரில் தொடங்கலாம். அங்கே பழைய கோத்தா பாலம் இருக்கிறது. கிள்ளான் ஆற்றின்மேல் நிற்கும் இந்த இரும்புப் பாலத்துக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு மகிழுந்து, பேருந்து போன்றவற்றுக்காகக் கட்டப்பட்டது. கீழ் அடுக்கோ நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் உரியது. பக்கத்தில் புதிய பாலம் வந்த பின்னர் மேல் அடுக்கில் வாகனப் போக்குவரத்து நின்றுபோனது. கீழ் அடுக்கு தொடர்ந்து பயன்பட்டு வந்தது. மிதிவண்டியையும் ஒரு வாகனமாக மதித்து, அதற்கெனத் தனி அடுக்கே அமைத்த பொறியாளர்கள் நம் நாட்டில் அப்போதே இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் வரை செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையை அமைதியான சாலை என்று சொல்ல முடியாது. துறைமுகக் கொள்கலன்களை ஏற்றிய கனவுந்துகள் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே அனுபவம் உள்ளவர்களில் பலர் மிதிவண்டியை மகிழுந்தில் ஏற்றி வந்து, தெலுக் பங்ளிமா காராங்கில் இறக்கிக்கொள்கிறார்கள். மாணவர்களுக்கும் அதுவே ஏற்ற வழி. பெரியவர் ஒருவர் உடன் வருவதும் கட்டாயம்.

விடியற்காலையில் புறப்படுவதற்கு வெயில் மட்டுமே காரணமன்று. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். கடற்கரைக்குச் செல்பவரின் முதுகில் அது கை வைத்துத் தள்ளுவதுபோல் உதவும். நண்பகலுக்குப் பிறகு நிலம் சூடாகி, காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீசும். வீடு திரும்புபவருக்கு அப்போதும் காற்று துணைதான். ஆயினும் பிற்பகலில் இடியும் மழையும் வர வாய்ப்பு மிகுதி. மரங்களைத் தவிர வேறு ஒதுங்கிடம் இல்லாத இடத்தில் இடிக்கு அகப்படுவது ஆபத்து. ஆகவே காற்றின் துணையை எதிர்பார்க்காமல் நண்பகலுக்கு முன்பே திரும்பிவிடுவது நல்லது.

தெலுக் பங்ளிமா காராங்கை அடுத்து ஒரு பாலத்தைக் கடந்தால் கேரித்தீவு வந்துவிடும். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. தீவு என்றதும் மணலும் தென்னையும் நினைவுக்கு வரலாம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைதான். அலையாத்திக் காடும் சதுப்பும் நிறைந்திருந்த நிலம் இது. கடல்நீர் புகாதபடி கரையோரம் மண்கரை எழுப்பி, உள்ளே வடிகால்கள் வெட்டி, மதகுகள் வைத்த பிறகே இங்குப் பயிரிட முடிந்தது. கடல் பொங்கும்போது மதகு மூடப்படும். வற்றும்போது திறந்து உள்நீர் வெளியேற்றப்படும். சாலையோரத்து வடிகாலில் தண்ணீர் காலையில் ஒரு மட்டத்திலும் மாலையில் வேறொரு மட்டத்திலும் நிற்பதைக் கண்டால், மதகு வேலை செய்கிறது என்று அறிந்துகொள்ளலாம். மேடு பள்ளம் இல்லாத நேரான சாலையாக இருப்பதற்கும் இந்த நிலமே காரணம்.

செம்பனை மரங்களுக்கு இடையே கம்பத்தின்மேல் சிறு மரப்பெட்டிகள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தபால் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அவை கூகைகளுக்கான கூடுகள். எலிகள் செம்பனைப் பழத்தைத் தின்று இழப்பு உண்டாக்குவதால், எலி பிடிக்கும் கூகைகளுக்கு நம் நாட்டுத் தோட்டங்கள் இப்படி வீடு கட்டிக் கொடுக்கின்றன. மருந்து வைத்து எலியைக் கொல்வதைவிட இது நல்ல உத்தி.

அமைதியான சாலை என்பதற்காக அசட்டையாக இருக்கக்கூடாது. வெட்டிய குலைகளை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் மிகுந்து எண்ணெயின் தரம் கெடும். அதனால் குலை ஏற்றிய கனவுந்துகள் விரைந்து வரும். அவற்றிலிருந்து விழும் பழங்கள் நசுங்கி, சாலை வழுக்கும். வளைவில் திடீரென்று தடையை அழுத்தாமல் இருப்பது முக்கியம். நாய்கள் குரைத்துக்கொண்டு துரத்தினால் வேகத்தைக் கூட்டுவதைவிட, இறங்கி மிதிவண்டியை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் அவை விலகிவிடும். தோட்டத்தின் உட்பாதைகள் தனியார் நிலம். அனுமதி இல்லாமல் அவற்றில் நுழையாமல், பொதுச்சாலையிலேயே செல்ல வேண்டும்.

இப்போது தோட்டச் சாலையில் மிதிவண்டியில் செல்லும் ஒருவரை யாரும் இறங்கச் சொல்வதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. அன்று பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளி, தன் சம்பளத்தில் சேமித்து ஒரு மிதிவண்டி வாங்குவது பெரிய காரியம். அப்படி வாங்கிய வண்டியில் செல்லும்போது எதிரே துரையோ கிராணியோ வந்தால், அவர் உடனே இறங்கி நிற்க வேண்டும். அவர்கள் கடந்து சென்ற பிறகுதான் மீண்டும் ஏறலாம். எழுதப்பட்ட எந்தச் சட்டத்தைவிடவும் கடுமையாக இந்த வழக்கம் கடைப்பிடிக்கப்பட்டது.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை கோரிக்கைகளில் சில. அவற்றோடு ஒரு கோரிக்கை, துரைமார்களுக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பது.

கூலிக்கும் மருத்துவத்துக்கும் பக்கத்தில் மிதிவண்டி எப்படி இடம் பெற்றது என்று நமக்குத் தோன்றலாம். கூலி உயர்ந்தால் வயிறு நிறையும். வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும், தன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதர் தாழ்த்தப்பட்டார். அந்தக் கோரிக்கையைக் காசால் தீர்க்க முடியாது. அதனால்தான் அது முதலாளிகளுக்கு மற்றவற்றைவிட அதிகமாக உறுத்தியிருக்க வேண்டும். அக்காலத்தில் தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணிந்ததும் இதே உணர்வின் வெளிப்பாடுதான்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் மேலும் பரவியது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் ஒடுக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் மலாயாவில் நுழைந்தார்கள். இறங்கி நிற்கச் சொன்ன துரைமார்களும் தோட்டங்களைவிட்டு வெளியேற நேர்ந்தது.

கேரித்தீவில் தமிழர்களுக்கும் முன்பே வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வகுடியினர். சுங்கை பும்பூன் கிராமத்தில் அவர்களது பண்பாட்டு இல்லம் உள்ளது. நிரே பத்து என்னும் சிவந்த அலையாத்தி மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. முகமூடி ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னோர் கதை உண்டு. மரம் கிடைக்க அலையாத்திக் காடு வேண்டும். தீவில் பெரிய துறைமுகம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அது வந்தால் வேலைவாய்ப்பு பெருகும். கொள்கலன் கனவுந்துகள் இந்தச் சாலைக்கும் வரும். காட்டின் பரப்பும் குறையலாம். இதில் எதை ஏற்பது, எதை விடுவது என்பது வகுப்பில் விவாதிக்கத் தக்க கேள்வி.

தீவை நிலப்பகுதியிலிருந்து பிரிக்கும் லங்காட் ஆறு, மேலே தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, உலு லங்காட், காஜாங், டெங்கில், பந்திங் வழியாக இங்கு வருகிறது. மலைச் சாலை பிடிப்பவர்கள் உலு லங்காட் பக்கம் செல்வார்கள். அங்கே பத்து 14, பத்து 18 என்று ஊர்களுக்குப் பெயர். பழைய மைல் கற்களின் எண்ணே ஊர்ப்பெயராகிவிட்டது. அதற்கு மேல் கெந்திங் பெரஸ் ஏற்றம் நெகிரி செம்பிலான் எல்லைக்குக் கொண்டு செல்லும். அது கால் வலுவுள்ளவர்களுக்கான வழி. பழகுபவர்களுக்குக் கீழ்ப்பகுதியே போதும்.

தீவிலிருந்து நிலப்பகுதிக்குத் திரும்பி, பந்திங்கைத் தாண்டி மேற்கே சென்றால், சமவெளியின் நடுவே ஒற்றை மலை ஒன்று தெரியும். அதுதான் ஜுக்ரா மலை. சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் பழங்கால மாலுமிகள் மலாக்கா நீரிணையில் வழி அறிய இம்மலையையே அடையாளமாகக் கொண்டார்கள். போர்த்துகீசியர் இதனைப் பார்செலார் மலை என்றனர். இன்று மேலே கலங்கரை விளக்கம் உள்ளது. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் இவ்வூரில் வாழ்ந்தார். 1898இல் மறைந்த அவரது கல்லறையும் இங்குதான் இருக்கிறது. மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே நிற்கும் புகழ்பெற்ற கட்டடம் அவர் பெயரையே தாங்குகிறது. கிள்ளான் அரச நகரானதும் ஜுக்ரா உறங்கிவிட்டது. சாலை இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அந்த உறக்கமும் ஒரு காரணம்.

பயணத்தின் எல்லை மோரிப் கடற்கரை. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படை இங்கே தரையிறங்கியது. இந்தியப் படைப்பிரிவினரே அதில் பெரும்பங்கு வகித்தார்கள். ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் எதிர்ப்பு எதுவும் இல்லை. எதிர்த்தது சேறு மட்டும்தான். கரையிறங்கிய வாகனங்கள் பல அதில் புதைந்து நின்றன. நிகழ்வின் நினைவுக்கல் கரையில் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் சேறு வெகுதூரம் விரிந்து, மேலே உலர்ந்த மணல்போல் தோன்றும். மிதிவண்டியை மரத்தடியில் பூட்டிவிட்டு நடந்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.