அந்தமான் போய் வருவோர் கவனத்திற்கு



ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் வியாபாரத்துக்கும் அந்தமான் போய் வருகிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாளில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). ஊறுகாய், மசாலா எல்லாம் கட்டிக்கொடுக்கிறோம்; கொசுவலையை மறந்துவிடுகிறோம்.

அப்படிப் போய்வந்த ஒரு தம்பிக்கு, ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் குளிர்காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரையிலேயே ஐந்து நாள் ஓடிவிட்டது. ரத்தம் சோதித்த பிறகுதான் மலேரியா என்று தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். அவருடைய பயணத்துக்கு உதவியது நம் அறக்கட்டளைதான். கீழே உள்ளவற்றை அன்றே சொல்லி அனுப்பாதது நம் குறை.

மலேரியா: நம் பக்கம் இந்தக் கொசு மேல்தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகிறது. அங்கே கடலோரம் தேங்கும் உப்புத் தண்ணீரிலும் பெருகுகிறது. கடிப்பது இருட்டிய பிறகு. மஃரிபுக்குப் பின் முழுக்கைச் சட்டை போடுங்கள்; கொசுவலைக்குள் தூங்குங்கள்.

டெங்கு, சிக்குன்குனியா: இந்தக் கொசு பகலில் கடிக்கும். தங்கும் இடத்தில் டிரம், வாளித் தண்ணீரை மூடி வையுங்கள்.

எலிக்காய்ச்சல்: 1988 முதல் அந்தமானில் காரணம் தெரியாத ஒரு காய்ச்சல் பரவி, நுரையீரலில் ரத்தம் கசிந்து உயிரிழப்பும் நேர்ந்தது. அது எலிக்காய்ச்சல்தான் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் உள்ள சிறு காயம் வழியாகவும் உடம்பில் ஏறும். வெறுங்காலில் சேற்றில் இறங்காதீர்கள். காயத்தை மூடிக் கட்டுங்கள்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "அந்தமான் போய் வந்தேன்." மாதங்கள் கழித்தும் மலேரியா தலைகாட்டலாம். ஸ்டான்லி, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்; நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மலேரியா மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஒருவகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடி வரும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க நம் மார்க்கம் சொல்லவில்லை. பயண உதவி பெறுவோருக்கு இனி ஒரு கொசுவலையும் சேர்த்துத் தருவதென்று முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். புறப்படுமுன் அலுவலகம் வந்து வாங்கிச் செல்லுங்கள்.