ஆர்.ஆர்.எஸ்.பி. போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: எனக்கு 60 வயது. 1999இல் கனடா வந்தேன். மனைவி 2001இல் வந்தா, அவவுக்கு 56. நான் ஸ்காபுறோவில் வெயர்ஹவுஸ் ஒன்றில் வேலை செய்கிறேன், ஆண்டு வருமானம் 40,000 டொலர். மனைவிக்கு 28,000. வேலையிடத்துப் பென்சன் இருவருக்கும் இல்லை. வீட்டுக் கடன் இன்னும் மூன்று வருடத்தில் முடியும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 45,000 டொலர் இருக்கிறது. கடன் எடுத்தாவது இந்த முறை 20,000 போடுங்கோ, வரி திரும்பி வரும் என்று வங்கியில் சொல்கிறார்கள். மகன் ரி.எஃப்.எஸ்.ஏ. திற என்கிறான். மச்சான், வீட்டை ஈடுவைத்து ஒரு கொண்டோ வாங்கு என்கிறார். சி.பி.பி.யை இப்போதே எடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள்.

வங்கியில் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது 120,000 டொலர் உழைப்பவருக்குப் பொருந்தும் புத்திமதி. உங்கள் வருமானத்தில் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 100 டொலர் போட்டால் ஏறத்தாழ 20 டொலர்தான் வரியில் மிஞ்சும். அந்தக் காசை ஓய்வுக்குப் பிறகு எடுக்கும்போது என்ன நடக்கும் என்பதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

65 வயதில் உங்களுக்கு ஓ.ஏ.எஸ். என்ற முதியோர் ஓய்வூதியம் வரும். 18 வயதுக்குப் பின் கனடாவில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நாற்பதில் ஒரு பங்கு என்பது கணக்கு. 2031இல் உங்களுக்கு 32 ஆண்டுகள் ஆகியிருக்கும், எனவே முழுத்தொகையில் 80 வீதம். மனைவிக்கு 2035இல் 85 வீதம். இன்றைக்கு முழுத்தொகை மாதம் 740 டொலர் அளவில் இருக்கிறது. இதற்கு மேல், வருமானம் குறைந்த முதியோருக்கு ஜி.ஐ.எஸ். என்ற கொடுப்பனவு உண்டு. இருவரும் ஓ.ஏ.எஸ். எடுக்கும் தம்பதிக்கு, ஓ.ஏ.எஸ்.ஸைக் கணக்கில் சேர்க்காமல், ஆண்டு வருமானம் 30,000 டொலருக்குச் சற்றுக் கீழே இருக்கும்வரை ஏதோவொரு தொகை கிடைக்கும். உங்கள் இருவரின் சி.பி.பி. ஓய்வூதியமும் சேர்ந்து மாதம் 1,400 டொலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 16,800. ஜி.ஐ.எஸ். உங்களுக்கு உண்டு. ஓ.ஏ.எஸ். முழுதாகக் கிடைக்காத குறையின் பெரும்பகுதியையும் அது நிரப்பிவிடும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டொலரும் வருமானம். ஜி.ஐ.எஸ். அதில் ஏறத்தாழ பாதியை வெட்டிவிடும். இருபது டொலர் வரி மிச்சத்துக்காகப் போட்ட நூறிலிருந்து பிறகு ஐம்பதை இழப்பது என்ன சேமிப்பு? ரி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுக்கும் காசு வருமானமாகவே கணக்கில் வராது. ஆயிரம் எடுத்தாலும் ஐம்பதாயிரம் எடுத்தாலும் ஜி.ஐ.எஸ். அசையாது.

நீங்கள் இருவரும் 2009க்கு முன்பே இங்கு வந்துவிட்டதால், ரி.எஃப்.எஸ்.ஏ. தொடங்கிய ஆண்டிலிருந்து இடம் சேர்ந்திருக்கிறது. 2026 வரை ஆளுக்கு 109,000 டொலர். அதை நிரப்பும் வசதி உங்களுக்கு வரப்போவதில்லை என்பதால் இடம் போதாது என்ற கவலையே வேண்டாம்.

இருக்கிற 45,000ஐ என்ன செய்வது? ஜி.ஐ.எஸ். முந்தைய ஆண்டின் வருமானத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. எனவே 2031இல் அது தொடங்குமுன், 2030 வரை ஆண்டுக்கு 9,000 டொலராக எடுத்து முடிப்பது என் யோசனை. 2030இல் எடுப்பது மட்டும் 2031இன் கணக்கில் வரும், அதனால் அந்தக் கடைசித் தவணையை முன்னைய ஆண்டுகளிலேயே பகிர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது. எடுக்கும்போதே 20 வீதம் வரியாகப் பிடிப்பார்கள். 9,000இல் கையில் 7,200 வரும். அதை அப்படியே ரி.எஃப்.எஸ்.ஏ.யில் போடுங்கள். வரி கட்டுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இங்கே அதுதான் மலிவு. வேலையிடத்தில் நீங்கள் போடும் காசுக்கு ஈடாகக் கம்பனியும் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடுகிறதென்றால் அதை மட்டும் விடவேண்டாம்.

ரி.எஃப்.எஸ்.ஏ. என்பது ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் என்ன வைக்கிறீர்கள் என்பது வேறு கேள்வி. வங்கிக் கிளையில் கேட்டால் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றைத் தருவார்கள், அதன் ஆண்டுக் கட்டணம் 2 வீதம் வரை இருக்கலாம். பங்கும் பத்திரமும் கலந்த சமநிலை இ.ரி.எஃப். ஒன்றின் கட்டணம் கால் வீதம் அளவுதான். ஒரு லட்சத்துக்கு 2,000 டொலரா 250 டொலரா என்பதுதான் வித்தியாசம், அதுவும் சந்தை விழுந்த ஆண்டிலும் சேர்த்து. அடுத்த நாலைந்து வருடத்துக்குள் தேவைப்படும் காசை மட்டும் ஜி.ஐ.சி. என்ற நிலையான வைப்பில் வையுங்கள்.

சி.பி.பி.யை 60இல் எடுத்தால், 65இல் கிடைக்கக்கூடியதில் 36 வீதம் வாழ்நாள் முழுக்க வெட்டு. 900 டொலர் 576 ஆகிவிடும், நீங்களோ இன்னும் வேலையில் இருக்கிறீர்கள், அதற்கும் வரி போகும். பாரதூரமான வருத்தம் ஏதும் இல்லையென்றால் 65 வரை பொறுங்கள். 70 வரை பொறுத்தால் 42 வீதம் கூடும் என்பது உண்மை, ஆனால் அந்தக் கூடுதலிலும் ஜி.ஐ.எஸ். பங்கு கேட்கும். மனைவி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த காலம் உண்டா? பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரையான அந்த மாதங்களைக் கணக்கிலிருந்து நீக்கச் சலுகை இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. நம்மவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

மச்சானின் கொண்டோ வேண்டாம். 60 வயதில் புதுக்கடன் ஒரு பக்கம். மறுபக்கம், செலவு போக மிஞ்சும் வாடகை வருமானம், விற்கிற வருடம் வரும் இலாபத்தில் பாதியும் வருமானம், இரண்டுமே ஜி.ஐ.எஸ்.ஸைத் தின்னும். குடியிருக்கும் வீட்டை விற்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் நிற்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே 20 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததால் ஓ.ஏ.எஸ். எங்கிருந்தாலும் வரும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் ஜி.ஐ.எஸ். நின்றுவிடும். பயணச்சீட்டுப் போடும்போது திரும்பும் திகதியை ஆறு மாதத்துக்குள் வையுங்கள், வெளியே நின்றாலும் ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்கைக் கொடுத்துவிடுங்கள். அதை வைத்துத்தான் ஜூலையில் ஜி.ஐ.எஸ். புதுப்பிக்கப்படுகிறது.