மந்த காலமும் பிள்ளைகளின் மேற்படிப்பும்



ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும், பினாங்கிலுள்ள நமது துணிக்கடைக்கு வருகிறவர்களில் இரண்டு மூன்று பேராவது துணியைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பார்கள். "நானா, காலம் கெட்டுக் கிடக்கிறது. ஆளைக் குறைக்கிறார்கள், கடையை மூடுகிறார்கள். பையனை எந்தப் படிப்பில் விட்டால் வேலை கிடைக்கும்?" என்பதே அக்கேள்வி.

நாமோ ஊரில் மதரஸாவையும் ஐந்தாம் வகுப்பையும் மட்டுமே கண்டவர்கள். பட்டப் படிப்பைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். தகுதி இல்லைதான். ஆனால் இவ்விஷயத்தில் நாம் ஒரு பிழை செய்து, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். நாம் விலை கொடுத்து வாங்கிய பாடத்தை மற்றவர்கள் இலவசமாகப் பெற்றுக் கொள்ளட்டும் என்றே இதை எழுதத் துணிந்தோம்.

நாம் செய்த பிழை

2020 மார்ச் தொடக்கத்தில் நம் மூத்த மகனுக்கு எஸ்.பி.எம். முடிவு வந்தது. அதே மாதம் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடையை அடைத்தோம். நோன்புப் பெருநாளுக்கென்று கடனுக்கு எடுத்த சரக்கு, கட்டுப் பிரிக்காமல் அடுக்கில் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் மகன், "வாப்பா, நான் ஓட்டல் சமையல் படிக்கிறேன்" என்றான். சிறு வயது முதலே உம்மாவோடு அடுப்படியில் நின்றவன். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாட்களில் அசர் தொழுதவுடன் அகப்பையைக் கையில் எடுத்துக் கொள்கிறவன். நாம் அதை எண்ணிப் பார்க்கவில்லை. "பத்து ஃபெரிங்கியில் ஓட்டல்கள் விளக்கணைந்து கிடக்கின்றன. பூட்டின வீட்டுக்கு விருந்தாளியாகப் போகப் போகிறாயா?" என்று அதட்டினோம். கம்ப்யூட்டர் படித்தவனுக்கே இனிக் காலம் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சை நம்பி, கடன் எடுத்து, அவனை ஒரு தனியார் கல்லூரியில் அந்தப் படிப்பிலேயே சேர்த்துவிட்டோம்.

கம்ப்யூட்டர் படிப்பில் குற்றமில்லை. நம் மகனோடு படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை அதையே படித்து நன்றாக இருக்கிறான். அவனுக்குக் கணக்கு கரும்பு. நம் மகனுக்கோ வேம்பு. இரண்டு பருவம் தட்டுத் தடுமாறி, மூன்றாவதில் வெளியே வந்துவிட்டான். கடன் மட்டும் நின்றது. பல மாதங்கள் கடையின் பின்கட்டில் யாரிடமும் பேசாமல் துணி மடித்துக் கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்த நாட்களை நாம் மறக்க முடியாது.

2022 ஏப்ரல் 1ஆம் நாள் நாட்டின் எல்லைகள் திறந்தன. பயணிகள் வந்தார்கள். ஓட்டல்காரர்கள் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார்கள். அவன் கேட்டபோதே நாம் விட்டிருந்தால், அந்நேரம் படிப்பின் பெரும் பகுதியை முடித்திருப்பான். பிறகுதான் அவன் சமையல் தொழிலில் திறன் சான்றிதழுக்குப் படித்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஓர் ஓட்டல் சமையற்கட்டில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறான். இழந்த காலமும் கட்டிய கடனும் திரும்பி வரவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது?

வியாபாரியாகிய நமக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெருநாள் சரக்குக்குப் பல மாதம் முன்னே சொல்லி வைக்கிறோம். இன்று எந்த நிறம் ஓடுகிறதோ அதையே அளவுக்கு மீறி எடுத்தால் என்ன ஆகும்? பக்கத்துக் கடைக்காரரும் அதையே எடுத்திருப்பார். சரக்கு வந்து இறங்கும் நாளில் எல்லாக் கடையிலும் ஒரே நிறம் தொங்கும், விலை விழும். படிப்போ மூன்று நான்கு ஆண்டு கழித்து வந்து இறங்கும் சரக்கு. இன்றைய சந்தையைப் பார்த்து அதை வாங்குகிறவன் ஏமாறாமல் இருப்பது அரிது.

2020ல் நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. புதிய ஆலைகளும் எழுந்தன. 2022ல் விலை சரிந்து ஆட்குறைப்பு நடந்ததை யாவரும் அறிவோம்.

மந்தமும் என்றென்றும் நிற்பதில்லை. 1998ல் நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. மறு ஆண்டே 6 விழுக்காடு அளவுக்கு வளர்ந்தது. 2009ல் சுருங்கியது, 2010ல் 7 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. 2020ல் 5 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது, 2022ல் 8 விழுக்காட்டுக்கு மேல் எழுந்தது. அதற்காக, படித்து முடிக்கையில் எல்லாம் சீராகிவிடும் என்றும் உறுதி கூற இயலாது. 1998ல் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் 2001ல் வெளியே வந்தபோது மின்னணுச் சாமான்களின் ஏற்றுமதி சரிந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைத்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே காலத்தைக் கணித்துப் படிப்பைத் தேர்வது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை வேறு. அவற்றை நான்காகச் சொல்வோம்.

முதலாவது, பிள்ளையை அறிதல். யாரும் விரட்டாமலே அவன் எந்தப் பாடத்தை எடுத்துப் படிக்கிறான்? மதிப்பெண் தாளில் எது உயர்ந்து நிற்கிறது? பள்ளி விடுமுறையில் அவன் விரும்பும் தொழில் நடக்கும் இடத்தில் ஒரு மாதம் வேலை பார்க்க விடுங்கள். விருப்பம் உண்மையா, வெறும் ஆசையா என்று அந்த ஒரு மாதமே சொல்லிவிடும்.

இரண்டாவது, கடனை அளத்தல். பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு ஊழியக் கட்டணம்தான் என்றாலும், முதல் முழுவதும் நம் தலையில்தான். மந்த காலத்தில் பெரிய கடனோடு படிப்பை முடிக்கிறவன், முதலில் கிடைத்த வேலையை விட்டு அசைய முடியாதவன் ஆகிறான். எஸ்.டி.பி.எம். வகுப்பு அரசாங்கப் பள்ளியிலேயே மூன்று பருவத்தில் முடிகிறது. அரசாங்கப் பாலிடெக்னிக்குகளும் உண்டு. கட்டடத்தின் அழகைப் பார்த்துக் கல்லூரியைத் தேர வேண்டாம்.

மூன்றாவது, கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணாமை. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று படிகளைக் கொண்டது. நான்காம் படி டிப்ளோமா, ஐந்தாம் படி உயர் டிப்ளோமா. குளிர்சாதனம், மின்சாரம், சமையல் முதலியவற்றில் இப்படி ஏறிச் செல்லலாம். நிக்காஹ் பேசும் வீட்டில் "மாப்பிள்ளை பட்டதாரியா?" என்று கேட்கும் பெருமைக்காகப் பிள்ளையின் வாழ்வை அடகு வைக்கலாகாது. அதுபோலவே, படிப்பில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளையை, வேலை இல்லாக் காலம் என்று பயந்து கல்லாவில் உட்கார வைப்பதும் பிழையே.

நான்காவது, முதல் வேலையைக் கண்டு மனம் உடையாமை. கனடா நாட்டுப் பட்டதாரிகளைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2012ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி, கல்லூரி ஆசிரியரான நமது வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். மந்த காலத்தில் பட்டம் பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் வருமானம் சுமார் 9 விழுக்காடு குறைவு. ஐந்து ஆண்டில் அக்குறை பாதியாகிறது. பத்தாண்டில் மறைந்து விடுகிறது. படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியே பலர் மீண்டிருக்கிறார்கள். ஆகவே முதல் வேலை சிறிதாயினும் ஏற்று, தொழிலைக் கற்று, நல்ல இடம் வரும்போது நகர வேண்டும். "பட்டத்துக்கேற்ற வேலை வரட்டும்" என்று வீட்டில் காத்திருப்பதில் பயனில்லை.

இப்போது நம் மகள் கணக்கியல் படிக்க வேண்டும் என்கிறாள். "இனி இயந்திரமே கணக்கு எழுதிவிடும், வேண்டாம்" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். இம்முறை நாம் அதட்டவில்லை. நம் கடையின் பேரேட்டை அவளிடம் கொடுத்துப் பள்ளி விடுமுறை முழுவதும் பார்க்கச் சொன்னோம். மூன்றாம் நாளே, மொத்த வியாபாரி ஒரே சிட்டையை இரண்டு முறை எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்து, "வாப்பா, இதைப் பாருங்க" என்று முன்னே வைத்தாள். அந்தக் கண்ணில் தெரிந்த ஒளி, முன்பு கஞ்சி அண்டாவின் அருகே நின்ற அவள் காக்காவின் கண்ணிலும் இருந்தது. அன்று நாம் பார்க்கத் தவறினோம்.

பெற்றோர்களே! நாளைய சந்தையை அல்லாஹ் ஒருவனே அறிவான். நம் பிள்ளையையாவது நாம் அறிந்து கொள்வோமாக.